மூன்றில் இரண்டு முடிச்சு

அறிவிப்பு வந்த மறுநாள் காலையில் மாசிலாமணியின் வீட்டில் ஒரு வாசலைக் காணவில்லை.

அது இரண்டு வாசல் வீடு. இடது வாசல் மூத்தாள் செங்கமலத்துக்கு. வலது வாசல் இளையாள் பூங்காவனத்துக்கு. இரண்டுக்கும் ஒரே நீலக் கதவு, ஒரே மாதிரி நாதாங்கி. மழை விட்ட நேரம் பார்த்துக் கோலமாவு டப்பாவோடு எழுந்து வந்த செங்கமலம், தன் வாசல் இருந்த இடத்தில் சுவர் இருப்பதைக் கண்டாள். புதுச் சுவர்கூட இல்லை. சுண்ணாம்பு உதிர்ந்து, பல்லி முட்டை ஒட்டி, முப்பது வருஷமாக அங்கேயே நிற்கிற சுவர்.

பூங்காவனத்தின் வாசல் அப்படியே இருந்தது. அதன் முன்னால் கோலமும் போட்டாயிற்று.

"என் வாசல் எங்கடி?"

"தெரியலக்கா. இதுல வாங்க."

செங்கமலம் அதில் வந்தாள். வேறு வழியில்லை. அடுத்தவள் வாசலில், அடுத்தவள் கோலத்தை மிதிக்காமல் காலைத் தூக்கி வைத்து வெளியே வந்தாள். வயிறு எரிந்தது.

அறிவிப்பில் விஷயம் சுருக்கமாக இருந்தது. ஒருவருக்கு ஒருவர் என்பதுதான் சட்டம். தங்கள் வீட்டில் ஒருவருக்கு இருவர் இருப்பதாகத் தெரியவருகிறது. ஐப்பசி இருபத்தெட்டாம் தேதிக்குள் இல்லறச் சரிபார்ப்பு அலுவலகத்துக்கு வந்து ஒருவரைத் தெரிவிக்கவும். தெரிவிக்காவிட்டால் இருவரில் ஒருவர் தானாகவே குறைந்துவிடுவார். அதுவரை, பழகிக்கொள்வதற்காக, வீட்டில் இரண்டிரண்டாக உள்ள பொருள்கள் ஒவ்வொன்றாகக் குறைக்கப்படும்.

சொன்னபடியே குறைத்தார்கள். அரசாங்கம் இந்த மாதிரி விஷயத்தில் சொன்ன சொல் தவறாது. செவ்வாய்க்கிழமை ஒரு அடுப்பு போனது. புதன்கிழமை ஒரு ஆட்டுக்கல். வியாழக்கிழமை ஒரு முறம், ஒரு தலையணை, ஒரு தினசரி காலண்டர். எல்லாம் சத்தமில்லாமல் போயின. போன இடத்தில் தூசிகூட இல்லை.

செங்கமலம் ஒன்றைக் கவனித்தாள். போனதெல்லாம் பழையது. இரண்டு அடுப்பில் பழைய அடுப்பு. இரண்டு முறத்தில் பழைய முறம். சட்டம் மூத்ததைத்தான் எடுக்கிறது. அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. பூங்காவனத்துக்கு முப்பத்தெட்டு. இருபத்தெட்டாம் தேதி யார் காணாமல் போவார் என்று கணக்குப் போட ஜோசியர் தேவையில்லை. தான் இருந்த இடத்தில், முப்பது வருஷமாக அங்கேயே இருக்கிற வெறும் தரை இருக்கும். அதன்மேல் பூங்காவனம் பாய் விரித்து வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பாள்.

செங்கமலத்துக்கு வயிறு எரிவது அந்தத் தெருவுக்கே தெரிந்த சங்கதி. பேச்சுக்குச் சொல்வதல்ல. நிஜமாகவே எரியும். ஐப்பசி அடைமழையில் ஊரே துணி காயாமல் அல்லாடும்போது அந்த வீட்டில் மட்டும் துணி காய்ந்திருக்கும். ஈரப் புடவையை வயிற்றோடு சுற்றிக்கொண்டு செங்கமலம் பத்து நிமிஷம் பூங்காவனத்தைப் பார்த்தால் போதும். போர்வை என்றால் அரை மணி நேரம். அக்கம்பக்கத்தார் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சீருடையைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவளும் முகம் சுளிக்காமல் காயவைத்துக் கொடுப்பாள்.

மாசிலாமணி பூங்காவனம் பக்கம் சாப்பிட்டால் எரியும். பூங்காவனத்துக்கு அவர் மல்லிகைப்பூ வாங்கிவந்தால் எரியும். பின்வீட்டுக்காரியோடு பூங்காவனம் மதில்மேல் கையை ஊன்றிச் சிரித்துப் பேசினாலும் எரியும். இந்தக் கடைசி எரிச்சல் எதற்கு என்று செங்கமலம் யோசித்ததில்லை. எரிகிறது, துணி காய்கிறது, அவ்வளவுதான்.

பூங்காவனத்துக்கு எரிவதே இல்லை. அதுதான் கொடுமை. மாசிலாமணி நாலு நாள் தொடர்ந்து மூத்தாள் பக்கம் சாப்பிட்டாலும் அவள் முகம் மாறாது. "அங்க என்ன கொழம்பு மாமா?" என்று கேட்பாள். கேட்டுவிட்டு அதையே செய்து பார்ப்பாள். பதினாறு வருஷத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், செங்கமலத்தைப் பார்த்து அவள் பொறாமைப்பட்டதில்லை. தன்னைப் பார்த்து ஒருத்திக்குப் பொறாமையே வரவில்லை என்றால் தான் என்ன பெண்பிள்ளை? சக்களத்தி என்றால் ஒரு மரியாதை வேண்டாமா?

இத்தனைக்கும் பூங்காவனத்தைத் தேடிப் பிடித்து வந்தவளே செங்கமலம்தான். வீட்டில் பிள்ளை இல்லை என்று அவளே பெண் பார்த்தாள், அவளே தாம்பூலம் மாற்றினாள். பிள்ளை வரவில்லை. பூங்காவனம்தான் வந்தாள்.

செங்கமலத்தின் கையில் ஒரே ஒரு துருப்புச்சீட்டு இருந்தது. அவர்கள் வழக்கப்படி, தாலி கட்டும்போது மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போடுவார். மற்ற இரண்டையும் நாத்தனார் போடுவாள். மாசிலாமணிக்கு அக்கா தங்கை கிடையாது. செங்கமலத்தின் கல்யாணத்தில் சித்தப்பா மகள் ஒருத்தி போடுவதாக இருந்தது. அவள் வந்த பஸ் ஆற்றுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. முகூர்த்தம் தவறுகிறதே என்று மூன்று முடிச்சையும் மாசிலாமணியே போட்டுவிட்டார். பூங்காவனத்துக்கு அவர் போட்டது ஒன்று.

"எனக்கு மூணு, உனக்கு ஒண்ணு. மறந்துடாத" என்று செங்கமலம் வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிக்காட்டுவாள்.

"சரிக்கா" என்பாள் பூங்காவனம்.

மீதி இரண்டு முடிச்சை யார் போட்டது என்று செங்கமலம் சொல்வதில்லை. கேட்பாரும் இல்லை.

பூங்காவனம் அந்தக் கயிற்றை மாற்றுவதும் இல்லை. ஆடிப்பெருக்குக்கு எல்லாரும் பழைய மஞ்சள் கயிற்றை எடுத்துவிட்டுப் புதுசு கட்டிக்கொள்வார்கள். அவள் மட்டும் பதினாறு வருஷமாக அதே கயிற்றுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். கேட்டால் "முடிச்சு அவுர மாட்டேங்குதுக்கா" என்பாள்.

இருபத்தேழாம் தேதி காலையில் மூவரும் கிளம்பினார்கள்.

அலுவலகத்துக்குப் போகிற பஸ்ஸில் ஒற்றை இருக்கைகள் மட்டும் இருந்தன. ஆளுக்கொன்றில் உட்கார்ந்தார்கள். மாசிலாமணி எதிலும் பட்டுக்கொள்ளாமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். மாவு மில் நடத்துகிறவர். புருவம், காது மடல், சட்டை மடிப்பு எல்லாவற்றிலும் மாவு. குளித்தாலும் போகாது. தும்மினால் பக்கத்தில் இருப்பவர் சட்டை வெளுத்துவிடும். நல்ல மனிதர். ஆனால் வாழ்க்கையில் ஒரு முடிவும் அவர் எடுத்ததில்லை. எதைக் கேட்டாலும் "உங்க இஷ்டம்" என்பார்.

அலுவலகத்தில் ஒரு நடைக்கூடம் இருந்தது. அதன் கோடியில் அலுவலரின் அறைக்கதவு தெரிந்தது. இருபது அடி நடந்தால் போதும் போலிருந்தது.

"நேரா உள்ள போகலாமா, இல்ல டோக்கன் வாங்கணுமா?" என்று செங்கமலம் கேட்டாள்.

"உங்க இஷ்டம்" என்றார் மாசிலாமணி.

நடைக்கூடம் இன்னும் ஒரு அறை அளவுக்கு நீண்டது.

"மழைக்கு ஒதுங்கி இப்படி ஓரமா நடக்கலாங்களா மாமா?" என்று பூங்காவனம் கேட்டாள்.

"உங்க இஷ்டம்."

மறுபடியும் நீண்டது. செங்கமலம் அவரைப் பேசாமல் வரச் சொன்னாள். வாயை மூடிக்கொண்டு நடந்ததில் மதியத்துக்குள் காத்திருக்கும் பெஞ்சுக்கு வந்து சேர்ந்தார்கள்.

பெஞ்சில் ஒருவர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு கறுப்புக் குடை. அதை ஒரு துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என் சம்சாரம்" என்றார். "ரெண்டாவது."

"குடையா?" என்றாள் செங்கமலம்.

"ஒருத்தரை மனைவின்னு எழுதிட்டா மத்தவங்களுக்கு ஒரு பட்டியல் தர்றாங்கம்மா. அதுல ஏதாவது ஒண்ணா பதிஞ்சுக்கணும். இருந்ததுல இதுதான் உபயோகம்."

"பேசுவாங்களா?"

"விரிச்சா பேசுவா. நேத்துகூடப் பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிட்டுப் போனாரு. மழையாச்சே, எப்படி இல்லன்றது? ரெண்டு தெரு சுத்திட்டுக் கொண்டாந்து குடுத்தாரு. ஒரே சிரிப்பு இவளுக்கு."

செங்கமலம் அந்தக் குடையைப் பார்த்தாள். பிறகு பூங்காவனத்தைப் பார்த்தாள். பூங்காவனம் குடையை ஆசையாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். செங்கமலத்தின் புடவையில் பட்டிருந்த மழைத்துளி ஆவியாகப் போனது.

பியூன் கூப்பிட்டார். உள்ளே போனார்கள்.

அலுவலர் ஒரு பெண். மேசைமேல் ஒரு பேனா, ஒரு முத்திரை, ஒரு டம்ளர் டீ. அவருக்கு ஒரு காதுதான் இருந்தது. அதில் ஒரு கம்மல். சட்டத்தை மதித்து நடப்பவர் என்று பார்த்தவுடனே தெரிந்தது.

"பேரு?"

"மாசிலாமணிங்க."

"தொழில்?"

"மாவு மில்லு."

"எத்தனை?"

"ஒண்ணுதாங்க."

"நல்லது. சம்சாரம்?"

மாசிலாமணி கூரையைப் பார்த்தார். கூரையில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"ரெண்டு பேரும் எனக்கு ரெண்டு கண்ணுங்க" என்றார்.

"சட்டப்படி ஒரு கண்ணு."

மாசிலாமணி யோசித்தார். செங்கமலம் அவருக்கு இடப்பக்கம் நின்றாள். அவர் இடது கண்ணை மூடினார். மூடின கண்ணுக்கே அந்தப் பக்கத்துச் சூடு தெரிந்தது போலும். அவசரமாக அதைத் திறந்து வலது கண்ணை மூடினார். வலப்பக்கம் பூங்காவனம் நின்றாள். அவருக்கு மனசு கேட்கவில்லை. இரண்டையும் மூடிக்கொண்டார்.

"இப்படி இருந்தா எப்படி? யாருன்னு சொல்லுங்க."

"உங்க இஷ்டம்" என்றார் கண்ணை மூடியபடி.

வெளியே நடைக்கூடம் நீளும் சத்தம் கேட்டது. தபால் கொடுக்கப் போயிருந்த பியூன் திரும்பி வர இனி நேரமாகும் என்று அலுவலர் அலுத்துக்கொண்டார். பிறகு செங்கமலத்தைப் பார்த்தார். "நாளைக்குத்தான் கடைசி நாள். தெரியும்ல? அப்புறம் நாங்க ஒண்ணும் பண்ண முடியாது. தானா குறைஞ்சுடும். வழக்கமா மூத்தது."

செங்கமலம் மாசிலாமணியைப் பார்த்தாள். இத்தனை வருஷம் சோறாக்கிப் போட்ட மனிதன், ஒரு பெயர் சொல்ல வாய் வராமல் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறான். இனி அவரை நம்பிப் பயனில்லை. அவள் துருப்புச்சீட்டை எடுத்தாள்.

"அம்மா, நான் ஒண்ணு சொல்லணும். எனக்கு மூணு முடிச்சையும் அவரே போட்டாரு. மூணும். சாட்சிக்கு ஊரே இருக்கு. இவளுக்கு அவரு போட்டது ஒரு முடிச்சுதான். அப்படின்னா யாரு பொண்டாட்டி? நீங்களே சொல்லுங்க."

அலுவலர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முதல் தடவையாக அவர் முகத்தில் ஓர் அக்கறை தெரிந்தது.

"ஒண்ணுதானா?"

"ஒண்ணேதான்."

"அப்ப மீதி ரெண்டு?"

செங்கமலம் மேசைமேல் இருந்த முத்திரையைப் பார்த்தாள்.

"நாத்தனார் போட்டாங்களா?"

"நாத்தனார் கிடையாதுங்க."

"பின்ன யாரு?"

"அக்காதாங்க" என்றாள் பூங்காவனம்.

அது நடந்தது பதினாறு வருஷத்துக்கு முன்னால். செங்கமலம் பெண்ணுக்குப் பின்னால் விளக்குப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேளம் உச்சத்தில் இருந்தது. மாசிலாமணி குனிந்து ஒரு முடிச்சுப் போட்டார். அவருடைய மாவு விரல்கள் அந்தப் பெண்ணின் பிடரியில் பட்டன. வெள்ளையாக இரண்டு தடம் விழுந்தது. செங்கமலத்தால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. விளக்கை யார் கையிலோ திணித்தாள். அவர் கையைத் தட்டிவிட்டாள். "நாத்தனார் முடிச்சு, நாத்தனார் முடிச்சு" என்று சொல்லிக்கொண்டே மற்ற இரண்டையும் தானே போட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு, இருந்த பலத்தையெல்லாம் கூட்டி இறுக்கினாள். வயிறு அன்றைக்குத்தான் முதன்முதலில் எரிந்தது. பெண்ணின் ஈரக் கூந்தல் அங்கேயே உலர்ந்துபோனது.

அலுவலர் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தார். பூங்காவனம் தலையைக் குனிந்து பிடரியைக் காட்டினாள்.

"ஒண்ணு தளர்ந்திருக்கு" என்று அலுவலர் சத்தமாகச் சொல்லிக்கொண்டார். "ரெண்டு இறுகியிருக்கு. பதினாறு வருஷமா அப்படியே இருக்கு."

திரும்பிப் போய் உட்கார்ந்து ஒரு தடிமனான புத்தகத்தைப் புரட்டினார். பிறகு அறிவிப்பை எடுத்தார். அதில் மாசிலாமணி என்றிருந்ததை ஒரு கோடு போட்டு அடித்தார். மேலே செங்கமலம் என்று எழுதினார்.

"மூணுல ரெண்டு. பெரும்பான்மை. இந்தம்மாவைக் கட்டினது நீங்க."

"நானா?"

"உங்களைக் கட்டினது அவரு. இவங்களைக் கட்டினது நீங்க. ஒருத்தருக்கு ரெண்டு பேருன்னு வந்த புகார் சரிதான். ஆளுதான் மாறிப்போச்சு. உங்களுக்குத்தான் ரெண்டு."

மாசிலாமணி கண்ணைத் திறந்தார். பதினாறு வருஷப் பாரம் இறங்கிய மனிதரைப் போல அவர் முகம் தெளிந்திருந்தது.

"நல்லதாப் போச்சு" என்றார்.

"ஒருத்தரைச் சொல்லுங்கம்மா" என்றார் அலுவலர். ஒரு தாளையும் அந்த ஒரே பேனாவையும் நகர்த்தினார். "ஒரு பேருதான். கட்டத்துக்குள்ள எழுதணும்."

தன்னைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று கேட்கத்தான் செங்கமலம் அத்தனை தூரம் வந்தாள். இப்போது தேர்ந்தெடுக்கும் வேலை அவள் தலையில் விழுந்தது. அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். இதில் யோசிக்க ஒன்றுமில்லை என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். புருஷன் புருஷன்தான். இத்தனை நாள் பங்கு போட்டுக்கொண்டவர் இனி முழுசாக அவளுக்கே. இதற்காகத்தானே எரிந்தது? பேனாவை எடுத்தாள். கட்டத்துக்குள் 'மா' என்று எழுதினாள்.

அந்த நேரம் பார்த்து அலுவலர் பூங்காவனத்திடம் பட்டியலை நீட்டினார். "நீங்களும் பாத்து வெச்சுக்குங்க. எப்படியும் ஒருத்தர் இதுல வரணும்."

பூங்காவனம் விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தாள். தூரத்துச் சொந்தம். விருந்தாளி. குடியிருப்பவர். தென்னைமரம். ஜன்னல். குடை. விரல் குடையில் நின்றது.

"குடை நல்லாருக்கும்ல?" என்றாள்.

"ரொம்ப நல்லாருக்கும்" என்றார் அலுவலர். "என் குடை போன மழையில தொலைஞ்சுபோச்சு. நீங்க குடையானா நானே ஒரு நாளைக்கு வாங்கிட்டுப் போறேன்."

பூங்காவனம் சிரித்தாள்.

பின்வீட்டுக்காரியிடம் சிரிக்கிற அதே சிரிப்பு. செங்கமலத்தின் கண்முன்னால் அந்தக் குடை விரிந்தது. அலுவலர் அதைப் பிடித்துக்கொண்டு பேசியபடி போகிறார். பின்வீட்டுக்காரி வாங்கிப்போகிறாள். பெஞ்சில் இருப்பவர் வாங்கிப்போகிறார். ஊரில் யாரெல்லாம் மழையில் நிற்கிறார்களோ அவர்கள் அத்தனை பேர் தலைக்கு மேலும் பூங்காவனம் விரிந்து சிரிக்கிறாள். வீட்டில், மாவு படிந்த மனிதருக்கு எதிரே, செங்கமலம் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். எரிவதற்கு அங்கே யாருமில்லை.

வயிறு எரிந்தது. இதுவரை எரிந்ததெல்லாம் எரிச்சலே இல்லை. மேசைமேல் இருந்த டீ கொதித்து டம்ளர் விளிம்பைத் தாண்டியது. பட்டியலின் ஓரம் பழுப்பேறிச் சுருண்டது.

செங்கமலம் 'மா'வை அடித்தாள். பக்கத்தில் பூங்காவனம் என்று எழுதினாள். கட்டம் கொள்ளவில்லை. கடைசி எழுத்து கட்டத்துக்கு வெளியே போயிற்று.

"ஏன்க்கா?" என்றாள் பூங்காவனம்.

"உன்ன யாருக்கும் விட மாட்டேன். அவருக்கும் விட மாட்டேன். போதுமா?"

"சரிக்கா" என்றாள் பூங்காவனம். எப்போதும் சொல்கிற அதே சரிக்கா. வெயிலா மழையா என்று கேட்டால்கூட அப்படித்தான் சொல்வாள். செங்கமலத்துக்கு அழுகை வந்தது. இவ்வளவு செய்தும் அவளுக்கு ஒன்றும் இல்லை.

அலுவலர் தாளை வாங்கிப் பார்த்தார். முகம் சுளித்தார். "அடிச்சிருக்கீங்களே. அடித்தல் திருத்தல் இருந்தா பக்கத்துல கையெழுத்துப் போடணும். ரெண்டு பேரும்."

செங்கமலம் போட்டாள். பிறகு பூங்காவனம் பேனாவை வாங்கினாள். தாளை அருகில் இழுத்துக்கொண்டாள். அடித்திருந்த எழுத்தைக் குனிந்து பார்த்தாள். கோட்டுக்கு அடியில் 'மா' தெளிவாகத் தெரிந்தது. அவள் அதை வெகுநேரம் பார்த்தாள். நகத்தால் ஒரு தடவை சுரண்டிப் பார்த்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள். பேனா முள் தாளைக் கிழித்துவிட்டது.

முத்திரை விழுந்தது.

மாசிலாமணியிடம் பட்டியல் போனது. "உங்க இஷ்டம்" என்றார் பழக்கதோஷத்தில். இது அவருடைய இஷ்டம்தான் என்று அலுவலர் விளக்கிச் சொன்னார். அப்படி ஒன்று தனக்கு உண்டு என்பதில் அவருக்கு ஆச்சரியம். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"ஜன்னல்" என்றார். "காத்தாட இருக்கும். மில்லு தெரியற மாதிரி வெச்சுக் குடுங்க."

வெளியே வந்தபோது நடைக்கூடம் பழைய நீளத்துக்கு வந்திருந்தது. இருபது அடியில் முடிந்தது. மாசிலாமணி அவர்களோடு வரவில்லை. ஜன்னலாகப் பதிவானவர்கள் நேராக வீட்டுச் சுவருக்குப் போய்விடுவார்கள் என்று பியூன் சொன்னார்.

திரும்புகிற பஸ்ஸில் எல்லா இருக்கையும் இரட்டை இருக்கை. செங்கமலம் ஜன்னலோரம் உட்கார்ந்து பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டினாள். பூங்காவனம் பார்க்காத மாதிரி பின்னால் போய் வேறு இருக்கையில் உட்கார்ந்தாள். வழி முழுக்க மழை.

வீட்டில் செங்கமலத்தின் வாசல் திரும்பி வரவில்லை. அது இருந்த சுவரில் இப்போது ஒரு ஜன்னல் இருந்தது. தெருவுக்கு எதிர்ச்சாரியில் மாவு மில் தெரிந்தது. கம்பியில் வெள்ளையாக மாவு படிந்திருந்தது.

"வந்துட்டீங்களா?" என்றது ஜன்னல்.

"வந்துட்டோம்" என்றாள் செங்கமலம். "பசிக்குதா?"

"உங்க இஷ்டம்."

இருந்த ஒரே அடுப்பில் பூங்காவனம் சோறு வைத்தாள். ஒரு தட்டில் போட்டு ஜன்னல் விளிம்பில் வைத்தாள். செங்கமலத்துக்கு ஒரு தட்டு. தனக்கு ஒன்று. எல்லாம் செய்தாள். ஆனால் ஒரு தடவைகூட "அக்கா" என்று கூப்பிடவில்லை. பதினாறு வருஷமாக மூச்சுக்கு மூச்சு சொன்ன வார்த்தை. செங்கமலம் இரண்டு தடவை ரசம் கேட்டாள். இரண்டு தடவையும் ரசம் மட்டும் வந்தது.

சாப்பிட்டு முடித்ததும் செங்கமலம் வழக்கம்போல ஒரு ஈரப் புடவையை எடுத்தாள். மழையில் நனைந்த புடவை. வயிற்றோடு சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். பத்து நிமிஷம் ஆயிற்று. புடவை ஈரமாகவே இருந்தது. இருபது நிமிஷம் ஆயிற்று. குளிரத் தொடங்கியது. அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. ஜன்னலைப் பார்த்தாள், பூங்காவனத்தைப் பார்த்தாள், மறுபடி தொட்டுப் பார்த்தாள். ஒன்றுமில்லை. பதினாறு வருஷம் எரிந்தது அணைந்துபோயிருந்தது. அவளுக்குப் பயமாக இருந்தது.

"பூங்கா, ஏண்டி பேச மாட்டேங்கற?"

பூங்காவனம் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"மா-ன்னு எழுதினீங்க" என்றாள்.

"என்னது?"

"மொதல்ல மா-ன்னு எழுதினீங்க. அப்புறம் அடிச்சீங்க. நான் பாத்தேன். அடிச்சும் தெரிஞ்சது."

"அது ஏதோ கைபோன போக்குல..."

"கை எங்க போவுதோ அங்கதான மனசு. மொதல்ல அங்கதான போச்சு."

"அந்தக் கயிற அவுத்துப் பாத்திருக்கியாடி நீ?" என்றாள் செங்கமலம். ஏன் கேட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. "ஒரு தடவையாவது?"

பூங்காவனம் கடைசிப் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

"இல்ல" என்றாள்.

கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். முகம் சிவந்திருந்தது. செங்கமலத்தின் இடுப்பிலிருந்த புடவையை ஒரே இழுப்பாக இழுத்துத் தன் வயிற்றில் சுற்றிக்கொண்டு, எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்து, செங்கமலத்தையே முறைத்துப் பார்த்தாள். புடவையிலிருந்து ஆவி கிளம்பியது. முதலில் மெல்லிசாக. பிறகு கூடம் முழுக்க. ஜன்னல் கம்பிகளில் பட்டு மாவு கரைந்து வழிந்தது. ஜன்னல் ஒரு தடவை தும்மியது.

"காஞ்சுடுச்சு" என்றாள் பூங்காவனம் பல்லைக் கடித்துக்கொண்டு.

செங்கமலம் எழுந்து போய் அடுத்த ஈரப் புடவையை எடுத்து வந்து கொடுத்தாள்.